கறுத்த கத்தாளையும் பெர்லின் வைத்தியரும்

மீரியபெத்த தோட்டத்தில் நான் சிறுவனாயிருந்த காலத்தில், தொழிலாளர் குடியிருந்த லயத்தில் எந்தக் காம்பராவில் பிள்ளை பிறந்தாலும், அந்த வீட்டுப் பாட்டி முதலில் கேட்பது சுக்கும் மிளகும். அடுத்துக் கேட்பது விரால் மீன். பச்சை உடம்புக்காரிக்கு இரத்தம் ஊறவும் பால் சுரக்கவும் விராலுக்கு ஈடான மீன் இல்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. மலைத் தோட்டத்தில் கருவாடு கிடைக்குமேயன்றிப் பச்சை மீன் கிடைப்பது அருமையாகையால், தகப்பன்மார் கொஸ்லந்தைக் கடைவீதிக்கு இறங்கிப் போய், வெல்லவாயப் பக்கத்துக் குளங்களிலிருந்து மீன் கொண்டுவரும் வியாபாரியின் வரவுக்காகக் காத்திருப்பார்கள். அவன் ஈரச் சாக்கை அவிழ்த்து, முழங்கை நீளமுள்ள விரால் ஒன்றைத் தூக்கிக் காட்டும்போது, குளத்தை விட்டு வந்து சில மணி நேரமான பிறகும் அது வாயைத் திறந்து காற்றை விழுங்கிக்கொண்டிருக்கும். தட்டையான அதன் தலையையும், தலைமேல் பாம்புக்கு உள்ளதுபோலப் படிந்திருக்கும் அகன்ற செதில்களையும் தொட்டுப் பார்க்க ஆசையும் அச்சமும் ஒருங்கே எழ, அப்பாவின் சாரத்தைப் பிடித்துக்கொண்டு நான் நின்றது இன்றும் நினைவில் இருக்கிறது.

அந்த மீனை வியாபாரி லூலா என்றான். அப்பா விரால் என்றார். பல வருஷங்களுக்குப் பின், பதுளையில் ஒரு விலங்கியல் நூலைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அதற்கு மூன்றாவது பெயர் ஒன்று இருப்பதைக் கண்டேன்: சன்னா ஸ்ட்ரியாட்டா. பக்கத்தில், ‘ப்ளோக், 1793’ என்று அச்சிட்டிருந்தது. ஒரு ஜீவராசிக்குச் சாஸ்திரப் பெயர் இட்டவர் இன்னார், இட்ட ஆண்டு இன்னது என்று இவ்வாறு குறிப்பது அத்துறையின் மரபு. மேலும் புரட்டினால், நாங்கள் சுங்கான் என்றும் தமிழகத்தார் தேளி என்றும் சொல்லும் முள் மீனுக்கு அருகில் அதே ப்ளோக், 1794. பனையேறிக் கெண்டைக்கு அருகில் 1792. கழிமுகத்துக் கொடுவாவுக்கு அருகில் 1790. நம் குளங்களிலும் வயல்களிலும் வாழும் மீன்களுக்கு வரிசையாக நாமகரணம் செய்த இந்த மனிதர், இந்தியாவுக்கோ இலங்கைக்கோ ஒருநாளும் வராதவர். பெர்லின் நகரில் நோயாளிகளின் நாடி பார்த்துப் பிழைத்த ஒரு யூத வைத்தியர். அவருடைய சரித்திரத்தை எங்கள் தோட்டப் பிள்ளைகள் அறிய வேண்டும் என்ற ஆவல் எனக்கு அன்றே உண்டாயிற்று.

மார்க்குஸ் எலியேசர் ப்ளோக் 1723ஆம் ஆண்டில், ஜெர்மனியின் தென்பகுதியில் உள்ள ஆன்ஸ்பாக் என்னும் ஊரில், வறிய யூதக் குடும்பத்தில் பிறந்தார். ப்ளோக் என்ற அந்தக் குலப்பெயரின் வேரைத் தேடிப் போனவர்கள், ‘அந்நிய தேசத்தான்’ என்று பொருள்படும் பழைய ஸ்லாவியச் சொல் ஒன்றில் போய் நிற்கிறார்கள். பெயரிலேயே அந்நியன் என்று எழுதப்பட்ட குடும்பம் அது. வீட்டிலும் ஜெபாலயத்திலும் எபிரேய மொழியும் வேத வியாக்கியானமும் கற்ற அப்பிள்ளைக்கு, அவன் பிறந்து வளர்ந்த நாட்டின் எழுத்தை வாசிக்கத் தெரியாது. பத்தொன்பது வயது வரையில் ஜெர்மன் நூல் ஒன்றையும் அவன் படித்தவனல்லன், அக்காலத்துச் சாஸ்திரங்கள் அனைத்துக்கும் திறவுகோலாயிருந்த லத்தீனில் ஓர் அட்சரமும் அறிந்தவனல்லன். அந்த வயதில், ஹாம்பர்க் நகரத்தில் ஒரு யூத ரண வைத்தியரின் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் போன இடத்தில்தான், அவன் ஜெர்மன் படித்தான், லத்தீன் படித்தான், உடற்கூற்று நூலை முதன்முதலாகக் கையில் எடுத்தான். பத்தொன்பது வயதில் அரிச்சுவடியைத் தொட்ட ஒருவன் ஐரோப்பாவின் மீன் சாஸ்திரத்துக்கே தலைமை வித்வானாக உயர்ந்தான் என்பதை, ‘இனிமேல் படித்து என்ன ஆகப்போகிறது’ என்று சாதாரண தரப் பரீட்சையோடு நின்றுவிட்ட எங்கள் இளைஞர்களிடம் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

அக்காலத்தை அறிவொளிக் காலம் என்று சரித்திரக்காரர் அழைப்பது வழக்கம். பகுத்தறிவின் வெளிச்சத்தில் மனிதர் யாவரும் சமம் என்ற எண்ணம் ஐரோப்பியப் பட்டணங்களில் பரவத் தொடங்கிய காலம் அது. எனினும் அந்த வெளிச்சம் யூதர் வாழ்ந்த தெருவுக்குள் வந்துசேர வெகு நாளாயிற்று. பெர்லினைத் தலைநகராகக் கொண்ட பிரஷ்யாவில், இரண்டாம் பிரெடரிக் மன்னர் 1750இல் பிறப்பித்த சாசனம் யூதர்களைப் பல வகுப்புகளாகப் பிரித்து வைத்திருந்தது. ஒரு வகுப்பார் தமது வாசஉரிமையைப் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம். இன்னொரு வகுப்பார் ஒரே பிள்ளைக்கு மாத்திரம் விட்டுச் செல்லலாம். மற்றொரு வகுப்பாருக்கு அந்த உரிமை அவர்களுடைய ஆயுளோடு முடிந்துபோம். வேலைக்காரராகவும் உபாத்தியாயராகவும் இருந்தவர்களுக்கோ வேலை உள்ள வரைதான் ஊரில் இடம்.

இதை வாசித்தபோது என் மனம் வேறிடத்துக்குப் போயிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்த மலைகளில் மூன்று தலைமுறையாகத் தேயிலை நட்டும் கொழுந்தெடுத்தும் வந்த ஏறத்தாழ ஏழு லட்சம் தமிழரை நாடற்றவர்களாக்கியது. தகப்பனும் பாட்டனும் பிறந்த இடத்துக்குச் சான்று காட்டு என்று அது கேட்டபோது, லயத்துக் காம்பராவில் பிறந்து பதிவில்லாமல் மாண்டவர்களின் பேரப்பிள்ளைகள் எதைக் காட்ட முடியும்? 1964இல் இந்தியா, இலங்கை ஆகிய இரு நாட்டுப் பிரதமர்களும் எங்கள் மக்களைத் தலையெண்ணிப் பங்கிட்டுக்கொண்டார்கள். கடைசியாக மிஞ்சி நின்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. ஆகையால், ஒரு வீட்டில் பிறந்த பிள்ளைகளில் ஒருவனுக்கு உரிமையுண்டு, மற்றவனுக்கு இல்லை என்ற பிரஷ்யச் சாசனத்தின் கொடுமையை உவா மலைநாட்டான் ஒருவனுக்கு விவரித்துச் சொல்ல வேண்டுவதில்லை.

கல்விச்சாலைகளின் நிலையும் அதுவே. சட்டமோ தத்துவமோ கற்றுப் பட்டம் பெற யூதனுக்கு வழியில்லை. அரசாங்க உத்தியோகம் இல்லை. திறந்திருந்த வாசல் வைத்தியம் ஒன்றே. ஓடர் நதிக்கரையில் இருந்த பிராங்க்பர்ட் சர்வகலாசாலை 1678 முதல் வைத்தியத் துறையில் யூத மாணவர்களை ஏற்று வந்தது. ப்ளோக்கும் அங்கேயே வைத்தியப் பட்டம் பெற்று, பெர்லினில் தொழில் நடத்தலானார். அவரிடம் சிகிச்சை பெற்றவர்களுள் ஒருவர், அந்த யுகத்தின் தலைசிறந்த யூத ஞானியான மோசஸ் மெண்டல்சோன். பதினான்கு வயதில், 1743இல், தன்னந்தனியாக பெர்லினுக்கு வந்து, தத்துவ நூல்களால் ஐரோப்பா முழுவதும் புகழ் பெற்ற மெண்டல்சோன், 1771இல் பெர்லின் விஞ்ஞானக் கழகத்துக்கு அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அந்தத் தேர்வை மன்னர் உறுதிசெய்யவில்லை. அந்த ஆண்டிலேயே நரம்புத் தளர்ச்சியால் படுத்த மெண்டல்சோனுக்கு மருந்து கொடுத்தவர் ப்ளோக். அரசாங்கக் கழகத்தின் கதவு இப்படியிருக்க, 1773இல் மார்ட்டினி என்னும் வைத்தியர் தனிப்பட்ட முறையில் தொடங்கிய இயற்கை ஆராய்ச்சி நண்பர்கள் சங்கம் ப்ளோக்கை மத வித்தியாசம் பாராமல் தன்னுள் சேர்த்துக்கொண்டது. அந்தச் சங்கத்தின் கூட்டங்களில்தான், சிப்பியும் பூச்சியும் உப்பிட்ட மீனும் மேசைமேல் வைத்துப் பேசப்பட்ட மாலைகளில், வைத்தியர் இயற்கை நூல் வல்லுநராக மாறினார்.

மீனுக்குப் போகுமுன் அவருடைய புழு ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும்; அதிலும் எங்களுக்குப் பங்குண்டு. மனிதரின் குடலில் வாழும் புழுக்கள் வெளியிலிருந்து வருகின்றனவா, அல்லது பிறவியிலேயே உடலுக்குள் வித்தாக அமைந்திருக்கின்றனவா என்ற கேள்வியை எழுப்பி, கோபன்ஹேகனில் உள்ள டென்மார்க்கின் ராஜரீக விஞ்ஞானக் கழகம் ஒரு பரிசை அறிவித்தது. ப்ளோக் எண்ணற்ற பறவைகளையும் மீன்களையும் மிருகங்களையும் அறுத்துப் பார்த்து, ஒவ்வொன்றிலும் கண்ட புழுக்களை வருணித்துப் படம் எழுதி, அவை பிறவியிலேயே உள்ளவை என்று வாதித்தார், பரிசும் பெற்றார், அந்நூல் 1782இல் வெளியாயிற்று. அவர் கண்ட புழுக்கள் மெய். அவர் சொன்ன முடிவு பிழை. புழுவின் முட்டை உணவோடும் மண்ணோடும் வெளியிலிருந்தே உட்புகுகிறது என்பது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சோதனைகளால் நிலைநாட்டப்பட்டது.

இந்தப் பிழை திருந்தியிராவிட்டால் தோட்டங்களின் கதி என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வெறுங்காலோடு ஈர மண்ணில் நடந்து, மலைச்சரிவிலே மலங்கழித்து வாழும்படி விடப்பட்டிருந்த தொழிலாளரின் பாதத்தின் வழியே கொக்கிப்புழு ஏறி, குடலில் பற்றி, இரத்தத்தை உறிஞ்சியது; கொழுந்துக் கூடையைச் சுமக்கத் திராணியற்று வெளுத்துப்போனவர்களைச் சோம்பேறிகள் என்றார்கள். 1916இல் ராக்பெல்லர் ஸ்தாபனத்தார் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியபோது, மருந்தோடு நில்லாமல் மலகூடம் கட்டவும் வற்புறுத்தினார்கள். புழு பிறவி வித்தானால் மலகூடத்துக்கு என்ன வேலை? எங்கள் காலத்திலும் பிள்ளைக் காம்பராவின் முன்னால் வரிசையில் நிறுத்தி, டாக்டரையா பூச்சி மருந்தை வாயில் ஊற்ற, உடனே சீனி கேட்டு அழுத பிள்ளைகளில் நானும் ஒருவன். பரிசு பெற்ற ஒரு கொள்கை தவறென்று தெளிந்ததன் பயனை அந்த வரிசையில் நின்று நாங்கள் அனுபவித்தோம். ப்ளோக்குக்கு இதனால் ஒரு குறைவும் இல்லை என்பதே என் அபிப்பிராயம். ஏனெனில், புழுக்களை அவர் அத்தனை நுட்பமாக வருணித்து வைத்ததனால்தான் பின்வந்தவர்களுக்கு அவற்றை அடையாளம் காண முடிந்தது.

இனி மீன். அக்காலத்தில் ஜீவராசிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் முறையை வகுத்தளித்தவர் சுவீடன் தேசத்து லின்னேயஸ். அவருடைய பட்டியலை வைத்துக்கொண்டு தமது நாட்டு ஆறுகளிலும் ஏரிகளிலும் அகப்படும் மீன்களை ஒத்துப் பார்த்த ப்ளோக், சந்தையில் நாள்தோறும் விற்பனையாகும் மீன்களிலேயே சில அதில் இல்லையென்பதைக் கண்டார். ஐம்பத்தைந்து வயதைக் கடந்த பின்பே அவர் மீன்களைப் பற்றி எழுதத் துணிந்தார். மாகாணங்களின் ஏரிகளில் உள்ள மீன்களைச் சேகரித்து அனுப்பும்படி அதிகாரிகளுக்குக் கட்டளையிட வேண்டுமென்று மன்னருக்கு விண்ணப்பம் அனுப்பியபோது, நாட்டு மீன்கள் எல்லாரும் அறிந்தவையே, அவற்றைப் பற்றி நூல் எழுதினால் வாங்குவார் யார் என்ற கருத்தில் மறுமொழி வந்தது. ப்ளோக் சளைக்கவில்லை. முதற்பகுதியைத் தம் கைப்பணத்தைச் செலவிட்டு 1782இல் வெளியிட்டார். ஜெர்மனியின் மீன்களைப் பற்றி மூன்று பாகம், அயல்நாட்டு மீன்களைப் பற்றி ஒன்பது பாகம், ஆகப் பன்னிரண்டு பாகங்களும் 432 படங்களும் கொண்ட அந்த மகா கிரந்தம் 1795இல் நிறைவேறியபோது அவருக்கு வயது எழுபத்திரண்டு.

அப்படங்களின் அச்சுப் பிரதிகளைக் கண்டவர்கள் என் வியப்பைப் பகிர்ந்துகொள்வார்கள். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு, பிரதி ஒவ்வொன்றுக்கும் கையினாலேயே வர்ணம் தீட்டி, செதில்களின் மினுமினுப்புக்கு வெள்ளி முதலிய உலோகப் பூச்சையும் சேர்த்திருக்கிறார்கள். ஏடு புரளும்போது மீன் நீரில் திரும்பியதுபோல் ஒளி நகர்கிறதாம். இவ்வளவு செலவு ஒரு வைத்தியரின் வருமானத்துக்கு அடங்குமா? நூலின் கீர்த்தி பரவிய பின், அரசர்களும் இளவரசர்களும் பிரபுக்களும் ஒவ்வொரு தகட்டின் செலவை ஏற்க முன்வந்தார்கள். செலவை ஏற்றவரின் பெயர் அந்தந்தப் படத்தின் அடியில் பொறிக்கப்பட்டது.

அயல்நாட்டு மீன்கள் பெர்லினுக்கு எப்படி வந்தன? சோழமண்டலக் கடற்கரையில் உள்ள தரங்கம்பாடி அக்காலத்தில் டென்மார்க் தேசத்தாரின் வசம் இருந்தது. கண்டி அரசன் செனரத்துக்குத் துணைசெய்து இலங்கையில் காலூன்றலாம் என்ற எண்ணத்தோடு கீழ்த்திசைக்கு வந்த அவர்களுடைய கப்பல்கள், அது கைகூடாமற்போகவே, 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்றுக் கோட்டை கட்டிய ஊர் அது. கண்டியில் அவர்கள் கருத்து நிறைவேறியிருந்தால் இந்த வரலாறு வேறு கடற்கரையில் நடந்திருக்கும். 1706இல் சீகன்பால்கு வந்து இறங்கி, அச்சுக்கூடம் நிறுவி, தமிழில் புத்தகம் அடித்த அதே ஊருக்கு, 1771இல் வந்து சேர்ந்த பாதிரியார் கிறிஸ்தோப் சாமுவேல் ஜான். 1813இல் அங்கேயே உயிர் துறந்த அவர், பள்ளிக்கூடம் நடத்திய நேரம் போக மீதி நேரத்தில் சிப்பி, பாம்பு, மீன் என்று சேகரித்து ஐரோப்பிய வித்வான்களுக்கு அனுப்பி வந்தார். விடியற்காலையில் வலை கரையேறும்போது, செம்படவர் கையிலிருந்து மீனை வாங்கி, அதன் பெயரையும் சுபாவத்தையும் அவர்களிடமே விசாரித்து எழுதி, மதுசாரத்தில் ஊறவைத்துக் கப்பலேற்றி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஐரோப்பாவுக்கு அனுப்ப, பல மாதம் கழித்து அது பெர்லினில் ப்ளோக்கின் மேசைக்கு வந்து சேரும்.

யூத வைத்தியர் ஒருவர் நம் தேசத்துப் பொருள்களை எழுதிவைத்தது அதுவே முதல் தடவையன்று. போர்த்துக்கேய யூத வம்சத்தவரான கார்சியா த ஓர்த்தா, இந்திய மூலிகைகளைப் பற்றிய தமது நூலை 1563இல் கோவாவில் அச்சிட்டார். அவர் இறந்து பல ஆண்டுகளான பின்பு, யூத நெறியை மறைவாகக் கைக்கொண்டார் என்று குற்றஞ்சாட்டி, மத விசாரணை மன்றத்தார் 1580இல் அவருடைய எலும்புகளைத் தோண்டி எடுத்து எரித்தார்கள். ப்ளோக்கின் காலம் அவ்வளவு கொடியதன்று.

ஜான் பாதிரியார் அனுப்பிய பெயர்களை ப்ளோக் என்ன செய்தார் என்பதிலேதான் என் உள்ளம் மிகவும் ஈடுபட்டது. ஒரு மீனுக்கு லத்தீனிலோ கிரேக்கத்திலோ புதுப்பெயர் புனைவது வித்வான்களுக்கு எளிது. விரால் இனத்துக்கே அவர் ‘பாம்புத் தலை’ என்று பொருள்படும் கிரேக்கப் பெயரைப் புனைந்தார். கொஸ்லந்தைக் கடைவீதியில் நான் அஞ்சிய அதே தலை! ஆயினும், செம்படவர் சொன்ன தமிழ்ப் பெயரையும் அவர் தள்ளிவிடவில்லை. தரங்கம்பாடியிலிருந்து வந்த கத்தாளை மீன்களை ஓரினமாக வகுத்து, நண்பர் ஜானின் பெயரால் ஜோனியஸ் என்று 1793இல் அதற்குப் பெயரிட்டவர், அவ்வினத்தில் ஒன்றுக்கு ‘கருத்தா’ என்று அடைப்பெயர் கொடுத்தார். அது கிரேக்கமும் அன்று, லத்தீனும் அன்று. கறுத்த கத்தாளை என்று கரையில் நின்ற மனிதர் சொன்ன அந்தக் ‘கறுத்த’ தான் அது. ஜோனியஸ் கருத்தா என்று இன்றைக்கும் உலகத்து மீன் நூல்கள் யாவும் எழுதுகின்றன. நன்னீரில் வாழும் வாளை மீனுக்கு ‘அட்டு’ என்ற பெயர் அவருடைய கடைசி நூலில் இருக்கிறது. ஆற்று வாளையை ஆத்து வாளை என்று நம்மவர் சொல்லும் குரலே எனக்கு அதில் கேட்கிறது. தமிழை அறியாத பெர்லின் யூதர் ஒருவர் இதைச் செய்ததற்குக் காரணம் உண்டு என்று நினைக்கிறேன். தமது பத்தொன்பதாம் வயது வரையில், ஊரார் இழிவாகக் கருதிய ஒரு வீட்டுமொழிக்குள் வாழ்ந்தவர் அவர். எளியவர் வாய்ச்சொல்லிலும் அறிவு குடியிருக்கும் என்பது அவருக்கு நூலைப் படித்து அறிய வேண்டிய உண்மையாக இருந்திராது.

பனையேறிக் கெண்டையைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஒரு சாண் நீளத்துக்கு உட்பட்ட, ஆமை ஓட்டைப்போல உறுதியான செதில் போர்த்த அந்த மீனுக்கு, ஆமையை நினைவூட்டும் பெயரையே ப்ளோக் வைத்தார். அது பனைமரத்தில் ஏறும் என்ற தமிழரின் சொல்லை மெய்ப்பிப்பதுபோல், தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ப் என்னும் டென்மார்க் படை அதிகாரி, 1791இல் அம்மீன் பனையில் ஏறக் கண்டதாக எழுதிய குறிப்பு, 1797இல் லண்டன் லின்னேயஸ் சங்கத்தின் ஏட்டில் வெளியாயிற்று. மரமேறுவதைப் பின்வந்த பலர் நம்பவில்லை. மழை நாளில் செவுள் முட்களை ஊன்றி அது தரையில் நகர்ந்து போவதை வயலோரத்தில் பார்த்தவர்கள் நம்மில் அநேகர். இந்தச் செயலுக்கு ஏது, அதன் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக அமைந்த சுவாச உறுப்பு. அது காற்றிலிருந்தே பிராணவாயுவை ஏற்கிறது. விராலுக்கும் தலையில் அவ்வாறான அறை உண்டு. வளர்ந்த விரால் அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்காவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறி இறந்துபோகும். ஈரச் சாக்கில் அது உயிரோடு கொஸ்லந்தை வரை வந்ததன் இரகசியம் இதுவே.

நூலில் பிழைகளும் உண்டு. கடை வியாபாரிகளிடமும் ஏலத்திலும் வாங்கிய மீன்களின் ஊர் எதுவென்று சரியாகத் தெரியாமல், பனையேறியையும் கொடுவாவையும் ஜப்பான் தேசத்தவை என்று ப்ளோக் எழுதிவிட்டார். கேரளத்தார் கரிமீன் என்று போற்றும் மீனுக்குச் சூரத் நகரத்தின் பெயரை அவர் சூட்டியது இன்றுவரை நிலைத்திருக்கிறது. அதன் வாசமோ தென்னிந்தியாவினதும் இலங்கையினதும் கழிமுகங்கள். மீனைக் கண்ணால் கண்டவருக்கு அதன் நீரைக் காணும் பாக்கியம் கிட்டவில்லை.

இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று என் நெஞ்சை உறுத்துகிறது. தகட்டுக்குப் பணம் கொடுத்த பிரபுவின் பெயர் படத்தின் அடியில் இருக்கிறது; அனுப்பிவைத்த பாதிரியாரின் பெயர் மீனின் பெயரிலேயே ஏறிவிட்டது; வருணித்த வைத்தியரின் பெயர் பக்கத்தில் நிற்கிறது. கடலில் இறங்கி அதைப் பிடித்து, ‘இது கறுத்த கத்தாளை’ என்று சொல்லிக் கொடுத்த தரங்கம்பாடிச் செம்படவரின் பெயர் எங்கும் இல்லை.

எங்கள் தோட்டத்துப் பேச்சில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் உழைப்பு என்று அர்த்தம். குறித்த அளவு கொழுந்து எடுத்தால் செக்ரோல் பதிவேட்டில் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். ‘இன்னைக்கு அரைப் பேர் தான்’ என்று சொல்லிக்கொண்டு அம்மா கூடையை இறக்கி வைத்த அந்திவேளைகள் பல. 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி காலையில், நாட்கணக்காகப் பெய்த மழையில் ஊறிய மலை சரிந்து மீரியபெத்தயின் லயங்களை மண்ணுக்குள் ஆழ்த்தியபோது, உள்ளே அகப்பட்டவர் எத்தனை பேர் என்பதற்கு முதல் நாட்களில் ஒவ்வொருவர் ஒவ்வொரு கணக்குச் சொன்னார்கள். நூற்றுக்கணக்கில் தொடங்கிய எண் பின்னர் சுருங்கிச் சுருங்கி வந்தது. அந்நாட்களில் பாடசாலை முகாம்களில் உட்கார்ந்து, எங்கள் பெண்கள் ஒவ்வொரு காம்பராவாக நினைவுகூர்ந்து, இன்னாரின் மகள், இன்னாரின் பேரன் என்று பெயர் சொல்லிச் சொல்லியே கணக்கை நேராக்கினார்கள். பெயரை எழுதி வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அப்போதுதான் நான் முழுவதும் உணர்ந்தேன். ப்ளோக்கின் பன்னிரண்டு பாகங்களின்மேல் எனக்கு உள்ள பக்தி அதற்குப் பிறகு வேறுவிதமானது.

1799 ஆகஸ்டு 6ஆம் தேதி, கார்ல்ஸ்பாட் என்னும் ஆரோக்கிய ஸ்தலத்தில் ப்ளோக் காலமானார். அதுகாறும் அறியப்பட்ட மீன்கள் அனைத்தையும் தொகுத்து அவர் எழுதிக்கொண்டிருந்த கடைசி நூலை, ஷ்னைடர் என்னும் பண்டிதர் முடித்து 1801இல் வெளியிட்டார். 1,519 மீன் வகைகள் அதில் உள்ளன. பிரஷ்யாவின் யூதர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்த சட்டம் 1812 மார்ச்சு மாதத்தில் வந்தது, அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குமேல் கழித்து. நிலையான குடும்பப் பெயர் ஒன்றை ஒவ்வொரு யூதரும் ஏற்றுப் பதிந்துகொள்ள வேண்டும் என்பது அச்சட்டத்தின் நிபந்தனைகளுள் ஒன்று. அவர் சேர்த்த மீன்களை அரசாங்கம் விலைக்கு வாங்கியது. அவற்றுள் ஏறக்குறைய 800 இன்னும் பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இருநூறு வருஷத்துக்கு மேலாக நிறம் வெளுத்து, கண்ணாடிச் சாடிக்குள் மதுசாரத்தில் மிதக்கும் அந்த உடல்களில் தரங்கம்பாடிக் குளத்து மீன்களும் அடக்கம்.

தியலும அருவிக்குக் கீழே கிரிந்தி ஓயாவை நோக்கி இறங்கும் நம் ஓடைகளில் சிறு மீன்கள் பல உண்டு. அவற்றுக்கு நம் பாட்டிமார் வழங்கும் பெயர்கள் எந்த நூலிலும் ஏறவில்லை. 1952இல் கொண்டுவந்து விடப்பட்ட திலாப்பியா குளங்களிலெல்லாம் பெருகி, பழைய மீன்களின் பெயர்கள் நாளுக்கு நாள் நாவிலிருந்து மறைந்து வருகின்றன. தோட்டப் பாடசாலைகளில் படிக்கும் பிள்ளைகளே, ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். மீனின் பெயரை, மரத்தின் பெயரை, பறவையின் பெயரை அவர்கள் சொல்லும் உச்சரிப்பிலேயே எழுதுங்கள். அதற்கு நேரே, சொன்னவரின் பெயரையும் முழுப் பேராக எழுதுங்கள்.